இரண்டு நாள் முன்னால் வந்த பௌர்ணமி

வெள்ளையம்மாள் வேங்கிக்காலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுக்காகக் கணவர் அப்பாதுரை, அன்று கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார்:

“வெள்ளையம்மா, இன்னிக்குப் பௌர்ணமி. நான் விரதம். கிரிவலம் போறேன். மூளைக்கு நல்லதுனு டாக்டர் சொன்னா, மூணு வேளையும் வல்லாரைக் கீரைதானா? நேத்து ஒரே ஒரு போண்டா தின்னதுக்கு அவ்ளோ சண்டை! நான் ஒண்ணும் மறதிக்காரன் இல்ல.”

சீட்டைச் சோற்றுப்பானை மேல் வைத்துவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கிரிவலப் பாதையில் கூட்டமே இல்லை. ஸ்பெஷல் பஸ் ஒன்றுகூடக் காணோம். ஊருக்கே மறந்துபோச்சா என்று குழம்பியபடி திரும்பி வந்தார்.

“பௌர்ணமிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குதேண்ணா” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள் பக்கத்து வீட்டு ஆராயி.

உள்ளே வந்து காலண்டரைப் பார்த்தார். பௌர்ணமி என்றுதான் போட்டிருந்தது. பிறகு குப்பைக்கூடையைப் பார்த்தார். காலையில் ஒரு தாள்தான் கிழித்ததாக ஞாபகம். அங்கே இன்னும் இரண்டு கசங்கிக் கிடந்தன.

இரண்டையும் எடுத்து விரித்துத் தேதியைப் பார்த்தார். பிறகு சீட்டின் அடியில் இருந்த கொஞ்ச இடத்தில் நுணுக்கி எழுதினார்:

“கிரிவலம் போகல. பசிக்குது. வல்லாரையே போடு. காலண்டரை இனிமே நீயே கிழி.”