ஓடியது கேப்டனா, குதிரையா

அண்ணே,

நேற்று மாலை அலுவலகம் முடிந்து டி-பானே மெட்ரோ ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். தூறல். எதிரே இரண்டு போலீஸ் குதிரைகள் வந்தன. நனைந்த குதிரையின் வாசனை மூக்கில் ஏறியதும் நடைபாதையில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். மேலே உட்கார்ந்திருந்த போலீஸ்காரப் பெண் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். அவளுக்கு உங்களைப் பற்றி எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது?

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் திருச்சியிலிருந்து நோர்வேக்குக் கணினி வேலைக்கு வந்து, எல்லிங்ஸ்ருடில் உங்கள் வீட்டுக்கு மேல்வீட்டில் குடியேறினேன். முதல் நாள் லிப்டில் பார்த்து என்ன வேலை என்று கேட்டதற்கு, "ட்ராம் ஓடுறன்" என்றீர்கள். எங்கள் ஊரில் வண்டியை ஓட்டுவார்கள். உங்கள் ஊரில் ஓடுவார்கள். ட்ராமுக்குப் பின்னால் எதற்கு இந்த மனிதர் ஓடுகிறார் என்று இரண்டு மாடி நேரம் குழம்பிப்போனேன்.

அப்போது நீங்கள்தான் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். தேர்தல் நடந்தபோது நீங்கள் கழிப்பறைக்குப் போயிருந்தீர்கள், அதனால் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்தப் பதவியில்தான் கேப்டன் வழக்கு உங்கள் தலையில் விழுந்தது.

கீழ்த்தளத்துப் பொது அறைக்குப் புதிதாக வண்ணம் அடித்திருந்தோம். அதற்குத் தன் மூதாதையான ஒரு குதிரைப்படைக் கேப்டனின் பெயரை வைக்க வேண்டும் என்று ஆர்னே கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர், ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டார். சுவீடனோடு நடந்த பழைய காலத்துப் போரில் அந்தக் கேப்டன் எல்லையைக் காவல் காத்தாராம். பெரும் படையைத் தன் சிறு குதிரைக் கூட்டத்தோடு எதிர்த்து நின்றாராம். இரண்டாம் மாடியில் சொல்வைக் என்ற பெண்மணி, ஓய்வுபெற்ற நர்ஸ், அதே எல்லைப் பக்கத்தில் பிறந்தவர். அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் ஊரில் அந்த ஆளுக்கு வேறு பெயர். சுவீடன்காரனைக் கண்டதும் மூன்று தேவாலயங்களைத் தாண்டித்தான் குதிரையை நிறுத்தினான்."

வருடக்கணக்காக ஒன்றாகக் காபி குடித்த இருவரும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள். வசந்தகாலத்தில் எல்லோரும் கூடி வளாகத்தைச் சுத்தம் செய்யும் நாளில் வாஃபிள் என்ற அப்பம் சுடும் இரும்பு அச்சு சொல்வைக்குடையது. அவர் வரவில்லை. வாஃபிளும் இல்லை. பாதிப் பேர் துடைப்பத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சங்கமே உடைந்துவிடும் போலிருந்தது.

அதற்கடுத்த கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அப்போது நோர்வேஜிய மொழி சரியாக வராது. நீங்கள்தான் காதோரம் மொழிபெயர்த்தீர்கள். ஆர்னே மூச்சு விடாமல் நெடுநேரம் பேசி முடித்தார். "கோவமா இருக்கிறார்" என்றீர்கள். சொல்வைக் ஒரே ஒரு சொல் சொன்னார். அதற்கு நீங்கள் ஆர்னேயின் தாய்வழிப் பரம்பரை முழுவதையும் எனக்கு விளக்கினீர்கள்.

பிறகு தலைவர் என்ற முறையில் எழுந்தீர்கள். நோர்வேஜிய மொழியில் ஏதோ சொன்னீர்கள், எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்ததும் எனக்குத் தமிழில் சொன்னீர்கள்: "எல்லாரும் கப்டனைப் பற்றியே கதைக்கினம். குதிரை என்ன நினைச்சதெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு சொன்னனான். நான் நெடுந்தீவான், தம்பி. எங்கடை தீவு முழுக்கக் குதிரை."

ஆர்னே உடனே கேட்டார், "அப்படியானால் உங்களுக்குக் குதிரையேற்றம் தெரியுமா?" நீங்கள் "ஓம்" என்று தமிழிலேயே தலையாட்டினீர்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

அடுத்த சனிக்கிழமை உங்கள் பழைய காரில் நாலு பேரும் எல்லைக்குப் போனோம். கேப்டனின் நினைவுக்கல்லைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பது உங்கள் யோசனை. ஆர்னே முன்னால், சொல்வைக் என்னோடு பின்னால். "அவரிடம் ஜன்னலை மூடச் சொல்லுங்கள்" என்று சொல்வைக் உங்களிடம் சொல்வார். ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்த ஆர்னேயிடம் அதே மொழியில் அதே வார்த்தைகளை நீங்கள் திருப்பிச் சொல்வீர்கள். வழியெல்லாம் இதுதான்.

கல் ஒரு வயல் நடுவே பாசி படிந்து நின்றது. கேப்டனின் பெயரும், "இங்கே நின்றார்" என்பதும் மட்டும் தெரிந்தன.

"பாருங்கள், நின்றார்!" என்றார் ஆர்னே.

"எவ்வளவு நேரம் என்று எழுதவில்லையே" என்றார் சொல்வைக்.

பக்கத்திலேயே குதிரைப் பண்ணை. ஆர்னே அந்தப் பண்ணைக்காரப் பெண்ணிடம் பேசி, குட்டையான பழுப்புக் குதிரை ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். நெடுந்தீவு வீரர் ஏறிக் காட்ட வேண்டுமாம். நீங்கள் மறுக்கவில்லை. வேலி மேல் கால் வைத்து, என் தோளில் ஒரு கால் வைத்து, எப்படியோ ஏறிவிட்டீர்கள். உங்கள் முகம் வெளுத்திருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

"அண்ணே, உங்களுக்கு நிஜமாவே ஓட்டத் தெரியுமா?"

குனிந்து கிசுகிசுத்தீர்கள். "தீவிலை குதிரையளைக் கலைச்சிருக்கிறன். ஏறினதில்லை."

"அப்ப இறங்கிடுங்கண்ணே!"

"ஏறினாப் பிறகு எப்பிடித் தம்பி இறங்கிறது? சனம் பாக்குது."

அந்த நேரம் பார்த்து மேட்டுக்கு அப்பால் இருந்த லாயத்தில் யாரோ தீனி வாளியைத் தட்டினார்கள். குதிரை காதை நிமிர்த்தியது. அவ்வளவுதான். அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அந்தோனியாரே! அந்தோனியாரே!" என்று கத்தியபடி நீங்கள் நினைவுக்கல்லைக் கடந்து, மேட்டைத் தாண்டி, கண்ணுக்கு மறைந்தீர்கள். தொப்பி மட்டும் வயலில் கிடந்தது.

சொல்வைக்தான் முதலில் வாய் திறந்தார். அத்தனை வாரங்களுக்குப் பிறகு ஆர்னேயைப் பார்த்து நேரடியாகக் கேட்டார், "ஆர்னே, இப்போது ஓடியது யார்?"

ஆர்னே மேட்டைப் பார்த்தார். "குதிரை" என்றார் மெல்ல. அடுத்த கணம் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

நான் லாயத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், குதிரையின் தலை வாளிக்குள் இருந்தது. நீங்கள் இன்னும் மேலேயே, உத்தரத்தில் இடிக்காமல் தலையைச் சாய்த்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு உட்கார்ந்திருந்தீர்கள். "தம்பி, ஏணி இருக்கோ எண்டு கேளும்" என்றீர்கள்.

திரும்பும்போது அவர்கள் இருவரும் பின்னிருக்கையில் தோளில் தோள் சாய்ந்து உறங்கினார்கள். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில், உங்கள் தீவுக்காரப் பெரியவர் ஒருவர் உங்களைக் காட்டி "விட்டிட்டு ஓடி வந்தவர்" என்று சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். அதைப் பற்றி உங்களிடம் கேட்கத் தைரியம் வந்ததில்லை. அன்று நீங்களாகவே சொன்னீர்கள். சண்டைக் காலத்தில் உங்கள் தீவுக்கு நேவி வந்த காலை. வள்ளம் நிறைய ஆட்கள். மோட்டர் பிடிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். கரையில் இன்னும் ஆட்கள் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பெரியவரும் அதில் ஒருவர். நீங்கள் மோட்டரின் கயிற்றை இழுத்து, வள்ளத்தைக் கிளப்பிவிட்டீர்கள்.

"வள்ளத்திலை இருந்தவை ஒரு கதை சொல்லுவினம். கரையிலை நிண்டவை இன்னொண்டு சொல்லுவினம். ரெண்டும் பொய்யில்லை" என்றீர்கள். இருக்கையில் நெளிந்து உட்கார்ந்தீர்கள். பிறகு, "எனக்கு இண்டைக்கு இருக்கேலாமல் கிடக்கு, ரெண்டு தொடையும் உரிஞ்சுபோச்சு" என்றீர்கள்.

பொது அறைக்குக் 'குதிரை அறை' என்று ஒருமனதாகப் பெயர் வைத்தோம். வாஃபிள் மீண்டும் வந்தது.

சில வருடங்கள் கழித்து, ஒரு பனிக்காலத்தில், உங்கள் இதயம் யாரிடமும் கேட்காமல் நின்றுவிட்டது. அடக்கம் முடிந்து எல்லோரும் அந்த அறையில்தான் கூடினோம். ஆர்னே எழுந்து, நீங்கள் ஒரு கையால் கடிவாளத்தைப் பிடித்து, மறுகையால் தொப்பியை அசைத்தபடி மேட்டில் ஏறிய காட்சியை விவரித்தார். "கடிவாளமா? அதைத் தொடவே இல்லை" என்றார் சொல்வைக், மூக்கைத் துடைத்தபடி. மறுபடியும் வாக்குவாதம். துக்க வீட்டில் சிரிப்பு எழுந்தது.

அப்போது பேர்கன் நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி, தன்னைவிட ஒரு முழம் உயரமான மகனைக் கைப்பிடித்து நிறுத்தினார். "இவனை வயித்திலை வைச்சுக்கொண்டுதான் நான் அவரின்ரை வள்ளத்திலை வந்தனான்" என்றார். எதிர் மேசையில் உங்கள் தீவுக்காரப் பெரியவர் இருந்தார். அந்தப் பையனையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் தட்டை நகர்த்தி, "இதிலை இரும், பிள்ளை" என்று தன் பக்கத்தில் அவனுக்கு இடம் கொடுத்தார்.

அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை, அண்ணே. போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பையன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனான். ஓடிவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள்; பழைய நானாக இருந்தால் நானும் சொல்லியிருப்பேன். அவனைத் தேடிப்பிடித்துக் காபி வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். பாவம், அவன் ஓடவில்லை. நாலு மேலாளர்கள் ஒரே நேரத்தில் அவன் முதுகில் ஏறி, ஆளுக்கொரு திசையில் ஓட்டியிருக்கிறார்கள்.