பேனா நிக்கக் கூடாது

ஏப்ரல் 8, 1996. திங்கள்.

காலைலேயே வெயில். நேத்து ஈஸ்டர் பிரியாணி மிச்சம், இவருக்கு டிபன் பாக்ஸ்ல அதே. மாவு அரைக்கணும். கேஸ் புக் பண்ணணும்.

மரகதத்துக்கு நிலவரிப் பாடம் பதிவு பண்ண உக்காந்தேன். பாதியில ஓட்டுக் கேக்கற ஜீப்பு, மைக்குச் சத்தம். நிறுத்தி மறுபடி. அப்புறம் குக்கர். அதை அழிக்கல. அவளுக்கு என்ற ஊட்டுக் குக்கர் பழக்கம்தான். "உங்க ஊட்ல பருப்பு வேகற நேரத்துலதாங்க்கா எனக்கு வரலாறு ஏறுது"ன்னு போன மாசம் சொன்னா.

போன வருசம் சர்ச்சுல ஃபாதர் கேட்டார், "ஸ்டெல்லா, பூசைல நீ வாசிக்கறது கணீர்னு இருக்கு, யூனிவர்சிட்டியில பார்வையில்லாத பொண்ணு ஒண்ணு எம்.ஏ. படிக்குது, புஸ்தகம் வாசிச்சு கேசட்ல போட்டுக் குடுப்பியா?" சும்மா நாலு பக்கம்னு நெனச்சேன். இப்ப பீரோவுல சேலைக்கு இடமில்ல, பூரா கேசட்.

சாயங்காலம் மரகதமே வந்தா, ஹாஸ்டல்ல இருந்து பஸ் ஏறித் தனியா. முகம் சரியில்ல. அவ சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதற ஜூனியர் பொண்ணுக்கு மஞ்சக்காமாலை. பரீட்சை 22ந் தேதி.

"ஏனுங்க்கா, நீங்க எழுதறீங்களா?"

"நானா? எஸ்.எஸ்.எல்.சி. கண்ணு நானு."

"அதுதாங்க்கா வேணும். என்னைவிடக் கம்மியாப் படிச்சவங்கதான் எழுதோணுமாம். ரூல்."

இருவத்திரண்டு வருசமா படிக்கலியேன்னு மாமியா குத்திக்காட்டுனா. இன்னைக்கு அதுவே தகுதி ஆயிருச்சு. இவர்கிட்டச் சொன்னேன். சோத்துல கைய வெச்சுட்டுச் சிரிக்கறார்.

ஏப்ரல் 10. புதன்.

யூனிவர்சிட்டி. பரீட்சைப் பிரிவுல அனுமதிக் கையெழுத்து. அதிகாரி சாப்புடப் போயிட்டார், காத்திருந்தோம். குடிதண்ணிப் பானைகிட்ட மரகதத்தோட புரபசர் ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட, மெதுவாப் பேசறதா நெனச்சு: "இவங்க மார்க்கெல்லாம் எழுதறவங்க மார்க்குதானுங்களே."

எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. எந்திரிச்சேன். என்ற முந்தானையப் புடிச்சு உக்கார வெச்சுட்டா.

"வேண்டாங்க்கா. ஜூன்ல எம்.ஃபில். இன்டர்வியூ. அவரும் இருப்பாரு."

திரும்பி வாறப்ப பஸ்ல சொன்னா. எம்.ஃபில். சீட்டு கெடைக்கலீன்னா ஊருக்கு வந்துரோணும்னு அவங்கப்பா கண்டிசனாச் சொல்லிப்போட்டாராம். உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு. "சோத்துக்குக் கொறையில்லீங்க்கா. ஆனா அங்க நான் சும்மா உக்காந்திருக்கோணும்."

ஏப்ரல் 14. ஞாயிறு.

வருசப் பொறப்பு. பக்கத்து ஊட்டுப் பாயசம். புழுக்கம்.

பழகிப் பாத்தோம். அவ சொல்றா, நான் எழுதறேன். கமா, பத்தி, அடிக்கோடு எல்லாம் அவளே சொல்றா. கட்டுரைய மனசுக்குள்ள முன்னாடியே கட்டி வெச்சுட்டு, செங்கல் எடுத்துக் குடுக்கற மாதிரி ஒவ்வொண்ணாக் குடுக்கறா. எனக்கு மளிகைச் சாமானே நாலு சேந்தாப்ல ஞாபகம் இருக்காது.

நடுவுல டக்குனு, "அக்கா, நான் தப்பாச் சொல்லிட்டேனுங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"உங்க பேனா நின்னுச்சு."

நெசந்தான். அத்தனையும் நானே வாசிச்ச பாடம், தப்பு வந்தா கை தானா நிக்குது. அவளுக்குப் பேனா கீறற சத்தம் கேக்குது. நின்னா தெரிஞ்சுருது.

"நல்லதுதானே கண்ணு. வாயத் தொறக்காம உதவி."

அவளுக்குக் கோவம் வந்து இன்னைக்குத்தான் பாத்தேன். "அப்பறம் அந்த புரபசர் சொன்னது நெசமாயிருமுங்க்கா. நிக்காதீங்க."

என்ற கையென்ன மெசினான்னு நானும் கத்திப்போட்டேன். அவ அசையல. பயிற்சி குடுத்தா பாரு! வேணும்னே தப்பாச் சொல்றா, நான் நிக்காம எழுதோணும். "உக்கடம் துறைமுகத்தில் கப்பல்கள் வந்து நின்றன, கமா." எழுதுனேன். "சத்தியமங்கலம் கடற்கரையில் உப்பு விளைந்தது, முற்றுப்புள்ளி." எழுதுனேன். இவர் டி.வி.ய அமத்திட்டு வந்து உக்காந்துட்டார். வால்பாறையில ஒட்டகம்னு சொன்னப்ப என்னால முடியல, மூணு பேரும் சிரிச்சு, அவளுக்குப் பொரை ஏறிருச்சு.

ஏப்ரல் 22. திங்கள்.

முதல் பேப்பர். எங்களுக்குத் தனி ரூம். ஒடஞ்ச பெஞ்சு அடுக்கி வெச்ச ரூம், சன்னல்ல புறா. ஃபேன் ஓடுச்சு, அதுவரைக்கும் பரவால்ல. காவலுக்கு ஒரு மேடம், என்ற தோளுக்குப் பின்னாடியே நின்னுச்சு.

நல்லாப் போச்சு. நிலவரிக் கேள்வி வந்துச்சு. என்ற குக்கர்ப் பாடம். ரயத்துவாரின்னா உழவரே நேரா சர்க்காருக்கு வரி கட்டறது, ஜமீன்தாரின்னா நடுவுல ஜமீன். மாத்திச் சொல்றா. பதட்டம்தான், வேறென்ன. விவசாயி மகளுக்குத் தெரியாதா?

பேனா நின்னுச்சு. ஒரு நொடி. சத்தியமா நான் நிறுத்தல, கைதான்.

அவ மூஞ்சியப் பாத்தேன். புரிஞ்சு போச்சு அவளுக்கு. உதடு அசைஞ்சுது. திருத்தீருவான்னு காத்திருந்தேன்.

"எழுதுங்க்கா. நான் சொன்னது அப்படியே."

அந்தத் தப்புலயே பத்திய முடிச்சா.

வெளிய வந்து வேப்ப மரத்தடியில திட்டித் தீத்துட்டேன். மார்க்குப் போச்சே, நீ என்ன அரிச்சந்திரன் பேத்தியான்னு கேட்டேன். பன்னைப் பிச்சுத் தின்னுட்டே சொல்றா: "உங்க பேனா சொல்லித்தானுங்க்கா எனக்குத் தெரிஞ்சுது. நானாக் கண்டுபிடிக்கல." எனக்கு அழுகை. அவ எனக்குப் பாதி பன் குடுத்தா.

இப்படி ஒருத்திய நான் பாத்ததே இல்ல. பெருமையாவும் இருக்கு, ரெண்டு சாத்தலாமுன்னும் இருக்கு.

ஏப்ரல் 25. வியாழன்.

ரெண்டு, மூணு முடிஞ்சுது. நல்லபடியா. தப்புச் சொல்லவே இல்ல, நானும் நிக்கல. கை வீக்கம், நீலகிரித் தைலம். கேஸ் இன்னும் வரல. தக்காளி சாதமே நாலு நாளா. இவர் வாயத் தொறக்கல, பாவம்.

ஏப்ரல் 29. திங்கள்.

கடைசிப் பேப்பர். மத்தியானம் இடி, மழை. கரண்ட் போச்சு. மேடம் சன்னலைத் தொறந்து விட்டாங்க. நல்லவங்க, நான்தான் தப்பா நெனச்சுட்டேன்.

கடைசிக் கேள்வில, பக்சார் போர் முடிஞ்சு பிளாசிப் போர் வந்துச்சுன்னு சொன்னா. தலைகீழ். பிளாசிதான் முந்தி.

நாக்கக் கடிச்சுட்டேன். உக்கடத்துல கப்பல், வால்பாறையில ஒட்டகம்னு மனசுக்குள்ள சொல்லிட்டே எழுதுனேன். நிக்கல. அவ காது என்ற பக்கமே இருந்துச்சு. கவனிக்கறான்னு தெரிஞ்சுது. நிக்கல. மாதாவே, எனக்குப் புள்ள பெத்தப்பகூட இவ்ளோ வேத்ததில்ல.

பஸ் ஸ்டாப்ல, கொடைக்குள்ள:

"இன்னைக்குத் தப்பு ஏதாவது உண்டுங்களா?"

பொய் சொல்லலாமான்னு நெனச்சேன். சொல்லிட்டேன். பக்சார், பிளாசி.

அழப்போறான்னு பாத்தேன். கையத் தடவிப் புடிச்சுட்டா, வலிக்கற கையவே.

"நீங்க நிக்கவே இல்லீங்க்கா. அப்ப மீதி பூரா என்னுதுதானுங்க."

ஜூன் 19. புதன்.

சாரல். காத்து ஜில்லுனு. துணி காயல.

முதல் வகுப்பு வந்துச்சு, போன வாரம். இன்னைக்கு இன்டர்வியூ. நான் வெளிய பெஞ்சுல, ஜெபமாலையோட. கதவு சரியா மூடல, பாதி கேட்டுச்சு. தண்ணிப் பானை புரபசர் கொரல்:

"மார்க்கெல்லாம் நல்லாருக்குமா. பரீட்சை எழுதுனது யாரு?"

எனக்கு ஜெபம் மறந்து போச்சு.

மரகதம், அவசரமே இல்லாம: "எங்க அக்காங்க சார். நான் தப்பாச் சொன்னா, அதைத் தப்பாவே எழுதிக் குடுக்கறவங்க. ரெண்டு எடத்துல இருக்கும், பேப்பரப் பாருங்க. நெலவரியில ஒண்ணு, பிளாசியில ஒண்ணு."

உள்ள யாரோ ஒரு அம்மா சிரிச்சாங்க. அப்பறம் அவரே, "உக்காருமா, உக்காரு. என்ன தலைப்புல செய்யலாமுன்னு இருக்கே?"

சீட்டு குடுத்துட்டாங்க. அவங்கப்பாவுக்கு எஸ்.டி.டி. பூத்ல இருந்து போன் பண்ணுனா. "வரலீங்கப்பா"ன்னு ஒரே வார்த்தை சொல்லிப்போட்டு, கொஞ்ச நேரம் கேட்டுட்டே இருந்தா. அழுதது நாந்தான்.

பஸ்ல உக்காந்ததும் பையில இருந்து ஒரு புஸ்தகத்தை எடுத்து என்ற மடியில வெச்சா. அம்மிக்கல்லுக் கனம்.

நாளைக்கு டவுன்ஹால் கடைவீதிக்குப் போயி வெறும் கேசட் வாங்கணும். குக்கருக்கு கேஸ்கட்டும்.