குதிகால் கரும்புள்ளி

செவ்வாய்க்கிழமை, இரவு

நாளைக் காலையில் என் குதிகாலில் இருக்கும் புற்றுநோயை அறுத்தெடுக்கிறார்கள். அந்தக் கரும்புள்ளியைச் செருப்புக் கடி என்று சொல்லி, ஒரு வருடமாகக் களிம்பு மட்டுமே கொடுத்தவர் எங்கள் சிங்காநல்லூர் டாக்டர். இன்று மாலை அவருடைய கிளினிக்குக்குப் போனேன். என் முறை வந்ததும் கதவைச் சாத்தாமல், காலைத் தூக்கி அவர் மேசைமேல் வைத்தேன்.

"ஏனுங்க டாக்டர், இது செருப்புக் கடிங்களா? கேன்சருங்க. எனக்கு இருபத்தி நாலு வயசுதானுங்க."

"மெதுவாப் பேசு கண்ணு, வெளிய ஆளுங்க இருக்காங்க."

"அவங்களுக்குக் கேக்கோணும்னுதானுங்க கத்தறேன்."

காத்திருந்த ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். டாக்டரின் முகம் வெளுத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் போதவில்லை.

"உட்டுப்போடு அம்மணி, சாமி பாத்துக்கும்" என்கிறாள் அம்மா.

சாமி வரைக்கும் போக வேண்டாம். நடக்க முடிகிற முதல் நாளே, காலில் கட்டோடு, அந்த டாக்டரின் கிளினிக் வாசலில்தான் போய் உட்காருவேன்.