மழை முடியும்வரை இருக்கிறவள்

அன்புள்ள அம்மாவுக்கு ஹரிதா எழுதுவது. இங்கே மான்குர்த்தில் அப்பா, தம்பி ஆதித்யன், நான் மூன்று பேரும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் கால் வலி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நீ போன் பண்ணும்போது அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் இதைப் பேச முடியாது, அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு சபுரா சாச்சியின் மகள் அஃப்ஷா அக்கா வெள்ளிக்கிழமை மஸ்கட் வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது, அதனால் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. ஆதித்யனுக்கு முன் பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் உனக்கே அடையாளம் தெரியாது. சமையல் நான்தான், குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது என்று அப்பா தினமும் குறை சொல்கிறார், ஆனால் மிச்சம் வைப்பதில்லை.

வீட்டுக்குப் பின்னால் சாக்கடைத் தண்ணீர் ஓடுகிற நாலா ஓரமாக நானும் அப்பாவும் போட்ட ஷெட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கொட்டுகிற மழையில் எந்த மிஸ்திரியும் வேலைக்கு வரவில்லை, நாமே போட்டுவிடலாம் என்றார் அப்பா. மழை நின்ற பிறகு போடலாமே என்று கேட்டேன். உனக்கு ஒன்றும் தெரியாது, மழையில் போட்டால்தான் நிற்கும், ஆள் குடியிருக்கிற வீட்டை மழைக்காலத்தில் கார்ப்பரேஷன்காரர்கள் உடைக்க மாட்டார்கள் என்றார். கம்பு நடத் தோண்டிய குழியில் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது, நான் குளிக்கிற மக்கால் இறைத்துக்கொண்டே இருந்தேன், அப்பா கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கல்லைப் போடுட்டி, கல்லைப் போடுட்டி என்று கத்தினார். கூரைக்குத் தகரம் ஏற்றும் அன்றைக்குப் பார்த்து அப்படி ஒரு காற்று. ஏட்டி, நீ தகரத்து மேல ஏறிப் படுத்துக்கோ, பறந்துச்சுன்னா நாலு பேரு தலை போயிரும், நீ தின்ன சோறு இன்னைக்காவது உதவட்டும் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம் அம்மா, நனைந்துகொண்டே சிரித்தோம். ஆணியைத் தகரத்தின் மேட்டில் அடிக்காமல் பள்ளத்தில் அடித்துவிட்டதால் நான்கு இடத்தில் ஒழுகியது, தார் வைத்து அடைத்தோம். தகர விளிம்பு என் உள்ளங்கையைக் கிழித்து நான் ஊசி போட்டுக்கொண்டதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், நானும் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு அறை கிடைக்கப்போகிறது என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். நீயும் போனில் அப்படித்தானே சொன்னாய், கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் பாப்பா என்று கேட்டாயே. நான் வாடாமல்லி நிறம் சொல்லி நானே அடித்தேன்.

மேலே தகரம் ஏறிய அன்று ராத்திரியே அப்பா எனக்கு இங்கே பாய் போட்டார். ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரம், கொடியில் ஈரத்துணி எல்லாம் அப்பா சொன்னபடி வைத்திருக்கிறேன். ராத்திரி நாலா ஏறி வருகிற சத்தமும் பெருச்சாளி ஓடுகிற சத்தமும் கேட்கும், நான் கூப்பிட்டால் மழையில் முன்னறைக்குக் கேட்காது. சொந்த அறை என்றால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன வாரம் அப்பா வேலைக்குப் போன பிறகு ரெயின்கோட் போட்ட ஒரு கார்ப்பரேஷன் ஆள் வந்து, இதர் கோன் ரஹ்தா ஹை, இங்கே யார் குடியிருக்கிறது என்று கேட்டார். மை ரஹ்தி ஹூ, பஹுத் தின் ஸே, நான்தான் ரொம்ப நாளாக இருக்கிறேன் என்றேன். ஸ்டவ்வைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டண்டா ஹை, ஆறிக் கிடக்கிறதே என்று சிரித்தார், போட்டோ எடுத்தார், மேலதிகாரி சாஹிப்போடு மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து தகரத்தில் எது விழுந்தாலும் அவர்தான் தட்டுகிறார் என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி ஞானராஜ் மாமாவுக்குப் பார்த்திருக்கிற பெண் ஷர்மிளாவும் அவள் அம்மா மாலதியும் வந்தார்கள். நான் டீ கொண்டு வந்தபோது ஷர்மிளா இங்கே நின்று கட்டில் போட முழம் போட்டு அளந்துகொண்டிருந்தாள். இது யாரு படுக்கை என்று மாலதி கேட்டார். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே, ஹரிதா சும்மா ஆளு இருக்குன்னு காட்டக் கெடக்கா, மழை முடிஞ்சதும் உள்ள வந்துருவா, தீபாவளி கழிச்சு நீங்க சாமான் எறக்கலாம் என்றார். மாலதி உன்னைப் பற்றிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. கனகவள்ளி சொன்ன சொல்லு மாறாதவ, எந்தம்பிக்குப் பின்னால ஒரு ரூம் போட்டுத் தாரேன், தைரியமா பொண்ணு குடுங்கன்னு சித்திரையிலயே போன்ல சொல்லிட்டாளே என்றார். நாங்கள் குழி தோண்டியது ஆனியில். அப்படியென்றால் கதவின் நிறத்தை என்னிடம் கேட்டபோது உனக்கு எல்லாம் தெரியும். இந்தக் கதவு நன்றாக இருக்கிறது என்று ஷர்மிளா என்னைப் பார்த்துச் சொன்னாள், பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அப்பா ஏமாற்றியதைவிட நீ ஏமாற்றியதுதான் வலிக்கிறது. மாமாவுக்கு வீடு இல்லாவிட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்று எனக்கும் புரியும், நான் ஒன்பதாவது படிக்கிறேன். மாமாவுக்காக மழை முடியும்வரை இங்கே படுத்துக்கொள் என்று நீ கேட்டிருந்தால் படுத்திருப்பேன், அந்த ரெயின்கோட் ஆளிடம் இதே பொய்யைச் சொல்லியிருப்பேன். தெரிந்தே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை.

வெயிலில் கடைக்குப் போகும்போது தலையில் துணி போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு, நீ வேலை செய்கிற வீட்டுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடி ஏறாதே. உன்னை நல்லபடியாக வைத்திருக்கச் சொல்லித் தினமும் சாமியிடம் கேட்கிறேன், கோபத்திலும் கேட்கிறேன். அடுத்த ஞாயிறு நீ போன் பண்ணும்போது, அந்த அறை மாமாவுக்குத்தான் என்று உன் வாயால் அப்பா முன்னாலேயே என்னிடம் சொல். சொன்னால் அந்த ஆள் திரும்பி வரும்போது இங்கேதான் இருக்கிறேன் என்று நான் சொல்வேன். சொல்லாவிட்டால் அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு ஆதித்யன் பக்கத்தில் போய்ப் படுத்துவிடுவேன், அப்பா அடித்தாலும் சரி.

இப்படிக்கு
உன் மகள்
ஹரிதா