கட்டாத கயிறு

குளிருக்குக் கம்பளி தேடித் தகரப் பெட்டியைத் திறந்தேன். கயிறு கிடைத்தது. மஞ்சள் இன்னும் மணக்கிறது. மாரியம்மன் கோவில் பூசாரியிடம் நான் வாங்கி வந்து, உங்கள் கையில் ஏறாமலே போன கயிறு. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீங்கள் இருந்தால் "ஆரம்பிச்சிட்டா" என்று எழுந்து வெளியே போயிருப்பீர்கள். இனி எங்கே போவீர்கள்? கேளுங்கள்.

நம் எஸ்டேட்டில் குடியை நிறுத்தக் கயிற்றை விட்டால் வேறு வழி தெரியாது. பூசாரி கெடு சொல்லிக் கட்டுவார். கெடுவுக்குள் குடித்தால் ரத்தம் கக்குவான் என்பார்கள். உங்களுக்கு அந்தப் பயம் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு சொட்டுத் தொடமாட்டீர்கள். அவிழ்த்த அன்றே, விட்டதையெல்லாம் சேர்த்துக் குடிப்பீர்கள். கடைசியாக அவிழ்த்த அன்று தேயிலைச் சரிவில் உருண்டு மண்டை உடைந்தது. தையல் போட்ட கம்பவுண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஈரல் கெட்டுப்போச்சும்மா. இன்னும் குடிச்சா ஆளு மிஞ்ச மாட்டாரு" என்றார்.

அந்த வாரம்தான் ஃபாக்டரி பக்கம் மின்கம்பம் சாய்ந்து, சித்திரபுரத்திலிருந்து லைன்மேன் வர்கீஸ் வந்தார். வேலை முடித்து இறங்கியவரிடம் நம் ஆட்கள் வழக்கம்போல கிளாஸை நீட்டினார்கள். "வேண்டா, வேண்டா. குடிச்சதெல்லாம் மதியாச்சு, போதும்னு விட்டாச்சு. எனக்குப் பாலில்லாத கட்டன் சாயா மட்டும் தந்தா மதி" என்று சிரித்தார். அவர் ஜீப் ஏறுவதற்குள் நான் ஓடிப்போய் வழிமறித்தேன். உங்கள் ஈரல் கதையைச் சொல்லி, அவர் எப்படி நிறுத்தினார் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை என்ட குவார்ட்டர்ஸ்ல, குடிச்சுக் கெட்டவங்க நாலஞ்சு பேரு கூடுவோம் சேச்சி. பேசுவோம், அவ்வளவுதான். அவரைக் கூட்டிட்டு வாங்க."

உங்களிடம் சொன்னதும் "குடிகாரனுவ சங்கமா? என்னைப் பைத்தியக்காரன்னு நெனைச்சியா?" என்று குதித்தீர்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டினீர்கள். கீழே தமிழ்நாட்டில் மதுக்கடைகளை அடைத்துவிட்டதால், போடிமெட்டு ஏறி இந்தக் கேரளப் பக்கம் குடிக்க ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம். அப்போது குடியை விட ஒருவன் கிளம்பினால் லயத்து வரிசை வீடெல்லாம் சிரிக்காதா? கங்காணி வாசலில் நின்று, "பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சிக்கிட்டு எங்கலே கெளம்பிட்ட?" என்றார். நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். நான் எதற்குக் குனிய வேண்டும்?

"ஓடையில கெடந்தவரைத் தூக்கியாந்ததும் இந்த முந்தானைதான் அண்ணாச்சி. அன்னைக்கு நீரு எங்க போயிருந்தீரு?" என்றேன்.

கூட்டம் என்றால் சாமி இல்லாமல் இருக்குமா என்று நான் தட்டில் தேங்காய், கற்பூரம், கயிறு எல்லாம் வைத்து எடுத்து வந்திருந்தேன். வர்கீஸ் வீட்டு வராந்தாவில் நான்கைந்து நாற்காலிகள். சாமி படம்கூட இல்லை. நீங்கள் வலது கையை நீட்டினீர்கள். "கட்டுங்கய்யா. கெடு எம்புட்டு நாளுன்னு மட்டும் சொல்லிருங்க."

"இங்க கயிறும் இல்ல, கெடுவும் இல்ல" என்றார் வர்கீஸ். "இன்னிக்கு மட்டும் குடிக்கண்டா. நாளைக்குள்ளது நாளைக்கு."

"கெடு இல்லாம மனுசன் எப்பிடிய்யா இருக்கது?" என்று எழுந்துவிட்டீர்கள். நான் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன். என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். அப்போது மூலையில் இருந்த காந்தலூர் விவசாயி பேசினார்.

"கயிறு அவுத்த அன்னைக்குத்தான் எம் பொண்டாட்டி செத்தா. கொள்ளி வைக்கக்கூட எனக்கு நிதானமில்ல."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு உட்கார்ந்தீர்கள். "எனக்கும் அவுக்கிற நாளுதான் பயமா இருக்கு" என்றீர்கள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நீங்கள் பயம் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். வர்கீஸின் மனைவி என் தட்டிலிருந்த தேங்காயை எடுத்துப்போய்ச் சம்மந்தி என்கிற துவையல் அரைத்து, அவித்த கப்பைக் கிழங்கோடு கொண்டுவந்தாள். உங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்றீர்கள்.

அதன்பிறகு நீங்கள் தொடவே இல்லை. ஈரல்தான் பழசை மறக்கவில்லை.

உங்களை எடுத்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். குழி வெட்டுகிறவர்களுக்குச் சாராயம் வாங்க ஆள் அனுப்பினார் கங்காணி. என் வீட்டுச் சாவுக்குச் சாராயம் கிடையாது, தேயிலைத் தண்ணிதான் என்றேன். "குழிக்காரனுக்கு ஊத்தாம எந்தப் பொணம் போயிருக்கு?" என்று கத்தினார். இந்தப் பிணம் போகும் என்றேன். வெட்ட வந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போனார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுக்கவும், சித்திரபுரத்து ஜீப் வரவும் சரியாக இருந்தது. வர்கீஸ் என் கையிலிருந்து அதை வாங்கினார். அந்தக் காந்தலூர்க்காரர் இன்னொன்றை எடுத்தார். வராந்தாவில் உங்களோடு உட்கார்ந்தவர்களேதான் உங்களுக்குக் குழி வெட்டினார்கள். ஒருவர் வாயிலும் வாடை இல்லை. அதற்குமேல் என்ன மரியாதை வேண்டும் உங்களுக்கு?

நீங்கள் இல்லாமல் மிச்ச காலத்தை எப்படிக் கழிப்பேன் என்று கேட்கிறார்கள். இன்றைக்கு மட்டும் கழிக்கிறேன்.

நேற்றுக் கீழ் லயத்துப் பேச்சியம்மாள் வந்தாள். அவள் புருஷனைக் கூட்டத்துக்குக் கூட்டிப் போகவேண்டுமாம். தட்டு நிறையத் தேங்காய், கற்பூரம், கயிறு.

"தேங்காயை மட்டும் எடுத்துக்கிட்டு வாட்டி, சம்மந்திக்கு ஆகும்" என்றேன். "வாசப்படியில நான் உக்காந்துக்கிடுதேன்."