நீலம், பச்சை, செங்கல் நிறம்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீங்கள் போன இடத்துக்கு வேறு தபால் கிடையாது என்பதால் இதைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

உங்களுக்கு இருந்த இனிப்பு நீர் வியாதி எனக்கும் வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உங்களிடம் இருந்த அதே ஸ்பிரிட் விளக்கில்தான் காலையில் கண்ணாடிக் குழாயைச் சூடாக்குகிறோம். நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் சர்க்கரை மிகுதி.

பக்கத்து வீட்டுக் கந்தையா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “அண்ணே, இன்னிக்கு என்ன கலரு?” என்பாரே, நினைவிருக்கிறதா? “உன் வீட்டுச் செங்கச் செவுத்துக் கலருதான்லா!” என்பீர்கள். வீடே சிரிக்கும்.

பிறகு நீங்கள் பதில் சொல்வதை விட்டுவிட்டீர்கள். ரயில் தெரியும் ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தீர்கள். ஊசி போட வந்த ஆஸ்பத்திரிக்காரரை, “வேணாம், போப்பா” என்று அனுப்பினீர்கள். நீங்கள் கண்ணை மூடும்வரை நாங்கள் அதைப் பிடிவாதம் என்றோம். மனச்சோர்வும் இந்த வியாதியோடு கூடவே வரக்கூடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

இப்போது எனக்குத் தெரிகிறது. பகலிலேயே கிள்ளான் ஆறு என் கட்டிலைச் சுற்றி மெல்ல ஓடுகிறது. சத்தமே இல்லை. படகில் நீங்கள் எப்போதும் போடும் வெள்ளைக் கோட்டோடு இருக்கிறீர்கள். என்னைக் கண்டதும் சற்று நகர்ந்து இடம் விடுகிறீர்கள். ஏறிவிடலாம் போலிருந்தது. சில நாளாக நான் ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

நேற்றுக் காலை அண்ணி கிள்ளானிலிருந்து ரயிலில் வந்தார். என் மனைவி குழாயை எடுத்துக் காட்டப் போனாள். அடியில் செங்கல் நிறம்.

“அது கெடக்கட்டும், வையி” என்றபடி அண்ணி கட்டிலில் உட்கார்ந்தார். “தம்பி, மனசு எப்படி இருக்கு?”

பத்திரிகைக்காரனாக ஊரையெல்லாம் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை.

“அண்ணன்கிட்டப் போயிடலாம்னு இருக்கு, அண்ணி.”

அவர் திட்டவில்லை, அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். தெனம் கலரத்தானே கேட்டோம்? நீ இன்னிக்கு ஊசியப் போட்டுக்க. நாளைக்கும் கேப்பேன். ஊருக்குப் போகமாட்டேன்.”

போட்டுக்கொண்டேன். ஆறு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது அண்ணே. படகில் எனக்கு விட்ட இடத்தில் இப்போதைக்குக் கால்களை நீட்டிக்கொள்ளுங்கள். நாளைக் காலை குழாய் எந்த நிறம் காட்டினாலும், அண்ணி கேட்கும்போது பதில் சொல்ல நான் இங்கே இருப்பேன்.

கரையிலேயே நிற்கும்,
உங்கள் தம்பி