குழாய்க்குள் இருந்த தோல்

ஸ்ரீ:
திருவள்ளூர், மார்கழி 1968

சிரஞ்சீவி ஸம்பத்குமாருக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், ரூர்கேலாவில் குளிர் அதிகம் என்கிறார்கள், கம்பளி போட்டுக்கொள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும், எல்லோரும் தூங்கிய பிறகு நான் காதோடு சொல்லச் சொல்ல உன் தங்கை பங்கஜவல்லி எழுதுகிறாள். உன் அப்பா இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறாள், வரி கோணினால் கோபிக்காதே.

குளிக்கிற அறைக் குழாய் ஒழுகுகிறது, வெளி ஆளை உள்ளே விட அப்பா சம்மதிக்கவில்லை என்று எழுதினோம், நாமே செய்யலாம் என்று நீ விவரமாகப் பதில் போட்டாய். அதன்படியே இவள் வால்வை மூடி, மிச்சத் தண்ணீரை வடித்து, ஸ்பானர் வழுக்காமல் துணி சுற்றிக் குழாயின் தலையைக் கழற்றி, அடியில் தேய்ந்து கிடந்த வாஷரை எடுத்தாள். அதையே மாதிரிக்குக் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் பச்சையப்பன், பழச கையோட எட்த்தாந்துட்ட பாரு, கெட்டிக்காரிம்மா நீ என்று அதே போல இரண்டு கொடுத்தாராம். ஒன்றை மாட்டினாள், ஒழுகல் நின்றது. மீந்ததை உன் அத்தை அம்புஜவல்லி முகர்ந்து பார்த்துவிட்டு, ராமபத்ரா, இது மாட்டுத் தோல்டா என்று உன் அப்பாவிடம் கத்தினாள். தோல் பட்ட தண்ணீரில் குளித்துவிட்டா மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை பண்ணினேன் என்று உன் அப்பா கரண்டியைப் பழுக்கக் காய்ச்சினார். தோலைத் தொட்ட கை எதுடி என்றார். இவள் இடது கையை நீட்டினாள். அதனால்தான் இன்று எழுத முடிகிறது.

எம்புள்ள ரப்பர் போட்டுக் குடுத்தான், இந்தப் பீடை தோலை மாட்டிடுத்து என்று அவர் ஊரெல்லாம் சொல்கிறார். இவளுக்குப் பள்ளிக்கூடத்தை நிறுத்தியாகிவிட்டது. மாட்டுக் கொட்டகையில்தான் சோறு, குடிக்கக் குழாய்த் தண்ணீர்தான், மற்றவர்களுக்கெல்லாம் இப்போது கிணற்றுத் தண்ணீர். ஸ்பானர் பிடிச்சவளை எவன்டி பண்ணிப்பான், ரெண்டாந்தாரந்தான் என்று அத்தை சிரித்தாள், சிரித்தபடியே திருநின்றவூரில் ஒரு கிழவனையும் பார்த்துவிட்டாள். தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள்.

இப்போது கேள். மாதிரிக்கு இவள் கொண்டுபோன பழைய வாஷர் நீ போட்டது. நான் முகர்ந்து பார்த்தேன், அதுவும் தோல்தான். ரப்பர் என்று பெருமாள் எதிரில் சத்தியம் செய்தாயே. இத்தனை வருஷமும் உன் அப்பா அதில் குளித்துத்தான் தளிகை பண்ணினார். கை வெந்தபோதுகூட இவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த வாஷரைக் கிணற்றில் போட்டுவிட்டேன். அந்தத் தண்ணீரில்தான் உன் அப்பாவுக்குச் சந்தியாவந்தனம், அதில்தான் தளிகை. கிணத்துத் தீர்த்தம்னா தீர்த்தம் என்று அத்தை செம்பு செம்பாகக் குடிக்கிறாள். நானும் குடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. தைக்கு முன் வந்து, போட்டவன் நான் என்று சொல்லி இவளைக் கூட்டிக்கொண்டு போ. வராவிட்டால், வந்தவர்கள் தீர்த்தம் குடித்து முடித்ததும் கிணற்றில் கிடப்பதை நான் சொல்வேன். அப்புறம் உன் அப்பாவை யார் மடைப்பள்ளிக்குள் விடுவார்கள்? எல்லோரும் பட்டினி கிடப்போம், எனக்குப் பழக்கம்தான்.

வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள். நீ வந்தால் பெருமாள் உன்னை நன்றாக வைப்பார்.

உன்னைப் பெற்ற
ஸத்யபாமா

அண்ணா, அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன், எனக்குப் பயமாக இருக்கிறது. பதில் போடாதே, வந்துவிடு. நீ எழுதியபடி அதிகம் முறுக்காமல்தான் மூடினேன். குழாய் இப்போது ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.